நடிப்பு என்று நினைத்தேன்

என் அக்காள் மகள் ஜார்ஜ் டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். லீவு நாளில் பெர்ரி ஏறித் தோட்டத்துக்கு வந்துவிடுவாள். காலையில், “சித்தி, உங்களைப் போல் என்னைப் புரிந்தவர் யாருமில்லை” என்று கழுத்தைக் கட்டிக்கொள்வாள். மாலையில் நான் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தியபடியே அவளுக்கு ‘உம்’ கொட்டினால் போதும். “நீங்களும் என்னை வெறுத்துவிட்டீர்கள்” என்று கதவை அறைந்து சாத்துவாள். வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிட்டது என்பார் அத்தான்.

அக்காள் அவளைச் சாமியாடியிடம் அழைத்துப் போனாள். எலுமிச்சம்பழமும் தாயத்தும் வந்தன. படித்தவள் என்ற நினைப்பில் நான் சிரித்தேன். ஆனால் நான் சொன்னது என்ன? “எல்லாம் நடிப்பு. இரண்டு நாள் கண்டுகொள்ளாமல் விடுங்கள்” என்றேன், அவள் காதுபட. அன்றிரவு அவள் தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாள். தாயத்து செய்யாத கேட்டை என் சொல் செய்தது.

அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போனோம். பல முறை பேசிப் பார்த்த பிறகே டாக்டர் பெயர் சொன்னார்: எல்லைநிலை ஆளுமைக் கோளாறு. ‘எல்லை’ என்ற சொல்லை 1938இல் இதற்கு வழங்கியவர் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க மருத்துவர். இலேசான மனநோய்க்கும் கடுமையான மனநோய்க்கும் நடுவில் நிற்பது என்று அன்று எண்ணினார்கள். எண்ணம் மாறியது; பெயர் நின்றுவிட்டது.

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பட்டையை அளவாய்ச் சீவினால் மரம் தாங்கும். கத்தி ஆழமாய் இறங்கினால் காயப்படும். சிலருடைய மனத்துக்குப் பிறவியிலேயே பட்டை மெல்லியது. வளரும் வயதில் ஏச்சும் புறக்கணிப்பும் சேர்ந்தால் இன்னும் மெலியும். நாம் சாதாரணமாய்ச் சொல்லும் சொல்லும் அங்கே ஆழமாய் இறங்கிவிடுகிறது.

இதற்கென்று தனி மாத்திரை இல்லை. பேச்சுவழிச் சிகிச்சையே முதன்மை. அதில் பெயர் பெற்ற ஒரு முறையை வகுத்தவர் மார்ஷா லினஹன் என்ற அமெரிக்கப் பேராசிரியை. 1961இல், தம் 17ஆவது வயதில், மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் அவர். 2011இல் அதே மருத்துவமனையில் நின்று அதை உலகறியச் சொன்னார். அவர் முறையின் சாரம் இதுதான்: இருக்கிறபடியே ஏற்றுக்கொள், மாறவும் உதவு. இரண்டில் ஒன்று குறைந்தாலும் பயனில்லை.

இப்போது நான், “உனக்கு வலிக்கிறது, தெரிகிறது” என்று முதலில் சொல்கிறேன். பிறகுதான், “கதவை அறையாதே, பத்து நிமிடம் கழித்துப் பேசுவோம்” என்கிறேன். சொன்னபடி பத்தாவது நிமிடம் போய் நிற்கிறேன். கோபம் இன்னும் வருகிறது. ஆனால் இப்போது அவளே கதவைத் திறக்கிறாள்.

தாய்மார்களே, ஒரு நாள் கோபத்தைக் கண்டு நாமே நோய்ப்பெயர் வைத்துவிடக் கூடாது. நெடுநாள் இப்படியே நடந்தால் மறைக்கவும் கூடாது. உயிரை மாய்க்க முயன்றால் குற்றம் என்ற 309ஆம் சட்டப் பிரிவை 2023இல் நம் நாடு நீக்கிவிட்டது. போலீசுக்குப் பயந்து ஒளிக்க வேண்டியதில்லை. 15555 என்ற அரசாங்க மனநல உதவி எண்ணை அழைக்கலாம். சிகிச்சையோடு ஆண்டுகள் செல்லச் செல்லப் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

அதுவரை ‘நடிப்பு’ என்ற சொல் நம் வீட்டில் வேண்டாம்.