மினுக்கம்

ஒன்ராறியோவில் எண்பது வயதானால் சாரதி அனுமதிப்பத்திரத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். கண் பரிசோதனை உண்டு, வகுப்பு உண்டு. அதோடு ஒரு தாளில் மணிக்கூடு வரைந்து முட்களைச் சொன்ன நேரத்தில் வைத்துக் காட்டவேண்டும். அப்பாவுக்கு இந்த மணிக்கூடு விசயம் பிடிக்கவில்லை. ‘அறுபது வருசம் கார் ஓடினவனை மணிக்கூடு கீறச் சொல்லுறாங்கள்’ என்றார். அவர் போகவில்லை. கார்த் திறப்பைப் பேத்தியிடம் கொடுத்தார். ஒரேயொரு நிபந்தனை: காரின் முகம் மாறக்கூடாது.

2006ம் ஆண்டுக் கார். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முன்முகப்பைச் சுற்றியிருந்த குறோம் கொப்புளித்து, வெடித்து, வெங்காயத் தோல்போல உரிந்துகொண்டிருந்தது. அந்த விளிம்பு சவர அலகுபோல. அப்பா துடைக்கும்போது விரலை வெட்டியது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர். நெடுநேரம் இரத்தம் நிற்கவில்லை. அதன்பிறகு இந்த வேலையைத் தள்ளிப்போட முடியவில்லை.

குறோம் உரியும் என்பதை அப்பா ஏற்கவேயில்லை. யாழ்ப்பாணத்தில் பெரியப்பா வாடகைக்கு ஓடிய ஓஸ்ரின் ஏ40 காரின் பம்பர் உருக்கு. அதில் புள்ளி புள்ளியாகத் துரு வரும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அழுத்தித் தேய்த்தால் மறுபடி முகம் பார்க்கலாம். எங்கள் காரில் உரிந்த இடத்தை அவருக்குக் காட்டினேன். உள்ளே இருந்தது வெளிறிய பிளாஸ்ரிக். ‘இதையோ இவ்வளவு நாளும் துடைச்சனான்?’ என்று கேட்டார்.

பிளாஸ்ரிக்கில் உலோகம் தானாக ஒட்டாது. முதலில் அதை அமிலத்தில் தோய்த்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்குவார்கள். உலோகம் அந்தக் குழிகளைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் செம்பு, நிக்கல், கடைசியாகக் குறோமியம். குறோமியப் படை ஒரு மைக்ரோனுக்கும் குறைவு. தலைமயிரின் தடிப்போ எழுபது மைக்ரோன் அளவில் வரும். மினுக்கத்தில் பெரும்பங்கு கீழே இருக்கும் நிக்கலுடையது. அது மங்காமலும் கீறுப்படாமலும் காப்பதுதான் குறோமின் வேலை. வெயிலிலும் குளிரிலும் பிளாஸ்ரிக் உலோகத்தைவிடப் பல மடங்கு விரிந்து சுருங்கும். ரொறன்ரோவின் மாசியும் ஆடியும் மாறி மாறி இழுக்க, பிடி தளரும். தெருவில் கொட்டும் உப்பு நுண்ணிய வெடிப்புகளால் உள்ளே போய்விடும்.

ஆனி மாதம் வரை காத்திருந்தோம். குளிரில் பிளாஸ்ரிக் கொளுவிகள் உடைந்துவிடும். பெயின்றும் சரியாகக் காயாது. முகப்பைக் கழற்றி, தடித்த கையுறையும் முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தளர்ந்த குறோமை நானும் மகளும் சுரண்டி எடுத்தோம். மிச்சத்தைத் தண்ணீர் விட்டே தேய்த்தோம். நிக்கல் தூசு நெஞ்சுக்குள் போகக்கூடாது. முதலில் 180ம் இலக்க மண்தாள், பிறகு 320, பிறகு 600. குறோம் முடிந்து பிளாஸ்ரிக் தொடங்கும் இடத்தில் படி இருந்தால் அது எத்தனை பூச்சுக்குப் பிறகும் தெரியும். அந்தப் படியைக் கரைக்கவே இரண்டு சனிக்கிழமைகள் போயின. கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லும். அப்பா கதிரையில் இருந்தபடி விரலால் தடவிப் பார்த்து, ‘இன்னும் இருக்கு’ என்று திருப்பித் திருப்பித் தந்தார்.

நிறத்தில்தான் சண்டை. இப்போது குறோமை மறைப்பதுதான் நாகரிகம் என்றாள் மகள். அவளுக்குக் கறுப்பு வேண்டும். ‘முகத்தில கரி பூசுறதோ?’ என்றார் அப்பா. குறோம் நிறம் என்று எழுதியிருந்த ஒரு தெளிப்பு டின்னை வாங்கி, பழைய தகரத் துண்டொன்றில் அடித்துக் காட்டினேன். காய்ந்ததும் ஓரளவு மினுங்கியது. பாதுகாப்புக்காக மேலே தெளிந்த பூச்சு அடித்ததும் சாம்பலாகிவிட்டது. அப்பா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

‘இது ஈயச்சட்டி’ என்றார். கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகளிடம், ‘பொய்யாய் மினுங்கிறதிலும் பார்க்கக் கறுப்பு பரவாயில்லை, அடி’ என்றார்.

பிளாஸ்ரிக்கில் பெயின்றைப் பிடிக்கவைக்கும் தெளிப்பு ஒன்று, அடிப்பூச்சு இரண்டு, கறுப்பு மூன்று, தெளிந்த பூச்சு இரண்டு. எல்லாம் மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையில் காத்திருக்கவேண்டும். மகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. ‘அவசரப்பட்டால் வழியும்’ என்று அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, பத்து நிமிடம் ஆனபிறகுதான் அடுத்ததற்குத் தலையாட்டினார்.

அடுத்த கிழமை மகள் அவரை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வழக்கமாகச் சாரதி ஆசனத்தில் ஏறும் மனிதர் காரின் முன்பக்கத்தைச் சுற்றி மற்றப் பக்கம் போனார். போகும் வழியில் முகப்பின் விளிம்பை ஒருமுறை தடவினார். விரலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஏறி, பெல்ற்றைப் போட்டுக்கொண்டு, ‘பார்த்து எடு, பிள்ளை’ என்றார்.