இலை தரும் பிள்ளையும் விதை தரும் பிள்ளையும்

ஆப்பிரிக்க வயலெட் என்னும் சிறு பூஞ்செடியை வளர்த்துப் பழகியவர்கள், அதன் இலை ஒன்றைக் காம்போடு கிள்ளி ஈர மண்ணில் ஊன்றிவைத்தால், சில வாரங்களில் காம்பின் அடியில் வேரும், பின்னும் சில வாரங்களில் எலிக்காது போன்ற குட்டி இலைகளும் கிளம்பி, தாய்ச்செடிக்கும் தமக்கும் யாதொரு வேற்றுமையும் இல்லாத பிள்ளைகளாக அவை வளர்ந்துவிடுவதைக் கண்டு முதலில் ஆச்சரியப்பட்டு, நாளடைவில் அந்த ஆச்சரியத்தையே மறந்துபோகிறார்கள். இவ்வளவு சுலபமாகப் பெருகும் செடிக்கு விதை எதற்கு என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆயினும், இலை வழியாக வருவதைப் பிள்ளை என்று நாம் உபசாரமாகச் சொல்லுகிறோமே அன்றி, உண்மையில் அது தாயேதான். தாயின் குணதோஷங்கள் யாவும் ஒரு மாத்திரையும் குறையாமல் அதனிடம் இருக்கும். தாயிடம் இல்லாத ஒன்றை விரும்புகிறவன் விதையைத்தான் நாடியாக வேண்டும். விதையோ ஒருவர் பேச்சையும் கேளாதது.

இதன் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா. இன்றைய டான்சானியாவில் உள்ள உசம்பாரா மலைகளிலும், அவற்றைச் சார்ந்த பிற மலைகளிலும், கென்யாவின் தென்கிழக்குப் பகுதியிலும், பெருமரங்களின் நிழலில், பாசி படிந்த பாறை இடுக்குகளில், ஒரு கைப்பிடி மக்கிய சருகே போதுமென்று, ஊதாவும் நீலமும் கலந்த ஐந்து இதழ்ப் பூக்களை மலர்த்திக்கொண்டு இது காலங்காலமாக வாழ்ந்து வந்தது. அந்தப் பிரதேசம் ஜெர்மானியரின் ஆதிக்கத்தில் இருந்த நாளில், உசம்பாராவின் ஜில்லா அதிகாரியாக இருந்த வால்டர் ஃபான் செயின்ட் பால் இலேர் என்ற பிரபு 1892இல் இதைக் கண்டு தாய்நாட்டிலிருந்த தம் தகப்பனாருக்கு அனுப்பிவைக்க, அவர் அதை ஹானோவர் நகரத்து ஹெரன்ஹவுசன் தோட்டத்தின் தலைவரான ஹெர்மன் வெண்ட்லண்டிடம் சேர்ப்பிக்க, அவர் 1893இல் அக்குடும்பத்தின் பெயரையே இட்டு செயின்ட்பாலியா என்று தாவர சாஸ்திர உலகில் பிரசித்தப்படுத்தினார். சில ஆண்டுகள் முன்னதாகவே பிரிட்டிஷ்காரர் இருவர் இச்செடியைச் சேகரித்து லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பியிருந்தும், அந்த மாதிரிகள் பெயரிடுவதற்குப் போதுமானவையாக இல்லாமற் போகவே, அவை காகித மடிப்பில் உறங்கிக் கிடந்தன. உலர்ந்த செடியை அனுப்பியவருக்குக் கிட்டாத கீர்த்தி, முளைக்கக்கூடியதை அனுப்பியவருக்குக் கிட்டியது.

புது ரகம் உண்டாக்குவது என்றால் மகத்தான ஆய்வுக்கூடமும் உபகரணங்களும் வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். வேண்டியதெல்லாம் கூரான ஒரு பிளேடும், நல்ல கண்ணும், மிகுந்த பொறுமையும்தாம். வயலெட் பூவின் நடுவே பளிச்சென்று மஞ்சளாகத் தெரியும் இரண்டு சிறு பைகளே மகரந்தப் பைகள். அவற்றின் அருகிலிருந்து சூல்தண்டு நேரே நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். ஒரே செடியிலேயே ஒரு பூவில் வலப்பக்கமும் மற்றொரு பூவில் இடப்பக்கமுமாக அது சாய்ந்திருப்பதைக் கூர்ந்து பார்த்தவர்கள் காணலாம். பைகள் தாமாக வெடித்துத் தூளைச் சிந்துவதில்லை. காட்டிலே தேனீ வகைகள் பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரச்செய்து ரீங்காரமிட, அந்த அதிர்ச்சியில்தான் மகரந்தம் உதிர்கிறது. ஜன்னலோரத் தொட்டிக்கு அந்த விருந்தாளி வருவதில்லையாதலால், அவ்வேலை மனிதன் தலையில் விழுகிறது. தந்தையாக வரித்த செடியின் மகரந்தப் பையைக் கீறி, அந்த மெல்லிய தூளை, தாயாக வரித்த செடியின் சூல்முடியில் தடவவேண்டும். சூல்முடி பக்குவப்பட்டு லேசாகப் பிசுபிசுக்கும் சமயமாகப் பார்த்துச் செய்தால் காரியம் கைகூடும். அடுக்குப் பூக்களில் மகரந்தக் கேசரங்களே இதழ்களாக மாறி உறுப்புகள் நெருக்குண்டு கிடப்பதால், அவற்றைத் தாயாக வைத்துக்கொள்வது சிரமம். தந்தையாக வைத்துக்கொள்வதே அனுபவசாலிகளின் வழக்கம்.

அதன்பின் வருவது காத்திருத்தல். இதழ் உதிர்ந்து, பூவின் அடியில் பச்சைக் காய் ஒன்று பருக்கத் தொடங்கினால் கலப்பு ஏறிவிட்டது என்று அறியலாம்; அந்தக் காய் முற்றிக் காய்ந்து பழுப்பாக நாலு முதல் ஆறு மாதங்கள் செல்லும். எந்தத் தாய்க்கு எந்தத் தந்தை என்று எழுதி அதன் காம்பில் ஒரு துண்டுச் சீட்டைக் கட்டிவைப்பது சம்பிரதாயம். இவ்வளவு நாள் காத்துக் கிடந்து உடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தூசியாகவே தோன்றும் விதை. மூச்சு விட்டால் பறந்துவிடும். அதை மண்ணில் புதைக்கலாகாது. மேலே தூவி, கண்ணாடியால் மூடி, வெளிச்சம் படும்படி வைத்தால், இரண்டு மூன்று வாரங்களில் பச்சைப் புள்ளிகள் தென்படும். அந்தப் புள்ளிகள் பெயர்த்து நடக்கூடிய நாற்றாகி, நாற்று தொட்டிச் செடியாகி, முதல் மொட்டு விடுவதற்குள் முக்கால் வருஷமாவது ஆகிவிடும்.

இனிமேல்தான் இந்தக் கலையின் கடினமான பகுதி ஆரம்பமாகிறது. கலப்பு செய்வது ஒரு நிமிஷ வேலை. கழிப்பதே மாதக்கணக்கான வேலை. நூறு நாற்றுகள் பூத்தால் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை தாயையும் தந்தையையும்விட எவ்விதத்திலும் மேலானவையாக இரா. இலை நீண்டு தொங்கும்; பூக்காம்பு தலையைத் தாங்காது; நிறம் சோபையின்றி இருக்கும். அவையும் உயிருள்ளவை, நம் கையால் நீர் வார்த்து வளர்த்தவை என்ற பந்தபாசம் வந்து தடுக்கும். அந்தப் பாசத்துக்கு இடம் கொடுத்தவனுடைய வீடு நிரம்புமே தவிர, அவனிடமிருந்து ஒரு ரகமும் வெளிவராது என்பது என் அபிப்பிராயம். அவசரத்துக்கு இடம் கொடுப்பவனும் கெடுகிறான். ஏனெனில் முதற்பூவை வைத்து ஒரு நாற்றைத் தீர்ப்பிடலாகாது, இரண்டாவது முறை பூக்கும்போதுதான் செடி தன் சுயரூபத்தைக் காட்டும் என்று கைதேர்ந்தவர்கள் எல்லோரும் சொல்லுகிறார்கள்.

இந்தச் செடியின் சரித்திரத்திலேயே பெரிய காரியம் ஒரு கழித்தலாகத்தான் நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஆர்மகாஸ்ட் அண்டு ராய்ஸ்டன் என்ற நாற்றுப் பண்ணையார் 1920களின் நடுவில் ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் விதை தருவித்து, சுமார் ஆயிரம் நாற்றுகளை வளர்த்து, அவற்றில் நூறை நிறுத்தி, அந்த நூறிலும் பத்தே பத்தைத் தேர்ந்து பெயரிட்டார்கள். புளூ பாய், நெப்டியூன், வைக்கிங், அட்மிரல், அமதிஸ்ட் முதலான அந்தப் பத்தின் வம்சமே பின்னர் அமெரிக்க வீடுகளின் ஜன்னல்களையெல்லாம் பிடித்துக்கொண்டது. எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூறில் ஒரு நல்ல பூ இருந்திருக்காதா என்று சில சமயம் எனக்குத் தோன்றுவதுண்டு; இருந்திருக்கும். அதனால் அவர்களுடைய தேர்வு பிழையாகிவிடாது.

மரபுப் பண்பு என்ற விஷயத்தையும் இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். நீலப் பூவையும் ரோஜா நிறப் பூவையும் கலந்தால் நடுத்தரமான ஒரு நிறம் வரும் என்று புதியவர்கள் எதிர்பார்ப்பார்கள். வருவதோ பெரும்பாலும் நீலமே. நீலம் ஓங்கிய பண்பு, ரோஜா ஒடுங்கிய பண்பு. ஏமாந்துபோய் அந்த நீல நாற்றுகளை எறிந்துவிட்டவன் கெட்டான். அவற்றையே ஒன்றோடொன்று கலந்து அடுத்த தலைமுறையை எழுப்பினவன் கிட்டத்தட்ட நாலுக்கு ஒன்றாக ரோஜா நிறத்தைத் திரும்பக் காண்பான். ஆகவே கழிக்கும் கைக்கு, இந்தச் செடி வெளியே எப்படித் தோன்றுகிறது என்பதோடு, உள்ளே எதை ஒளித்து வைத்திருக்கிறது என்ற ஞானமும் அவசியமாகிறது.

இத்தனை பிரயத்தனத்துக்கும் நடுவே இயற்கை தன் போக்கில் செய்துவிடும் காரியங்களைப் பார்த்தால், மனிதனின் கர்வம் சற்று அடங்கும். 1940ஐ ஒட்டிய சில ஆண்டுகளில், அடுக்குப் பூவும், ரோஜா நிறப் பூவும், அடியில் வெள்ளைப் புள்ளி கொண்ட அலங்கார இலையும், புளூ பாய் வம்சத்தில் யாரும் கலப்பு செய்யாமலே திடீர்ப் பிறழ்வாக வந்து சேர்ந்தன. இந்த மூன்றும் இல்லாவிட்டால் பின்னால் வந்த ஆயிரக்கணக்கான ரகங்களில் பெரும்பகுதி இல்லை. ஆனால் பிறழ்வு வந்தபோது அதைக் கண்டுகொள்ள ஒரு கண் வேண்டியிருந்தது. பிறகு அதை மற்றொன்றோடு சேர்க்க ஒரு கை வேண்டியிருந்தது. நியூயார்க் மாகாணத்து லிண்டன் லயன் 1950களில் ரோஜா நிறத்தையும் அடுக்கையும் ஒரே பூவில் சேர்த்துக் காட்டினார். ஜெர்மனியின் ஹெர்மன் ஹோல்ட்காம்ப், தொட்டால் உதிர்ந்துகொண்டிருந்த ஒற்றைப் பூக்களைச் செடியிலேயே நிலைத்து வாடும்படி பழக்கினார். பின்னது அலங்காரத்தில் சேராது. ஆயினும் வியாபாரிக்கும் வீட்டுக்காரருக்கும் அதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை என்பேன். மஞ்சள் நிறமோ வெகுகாலம் எவர் கையிலும் அகப்படாமல் இருந்து, இருபதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான் வெண்மையின் மேல் பூசிய மென்சாயல் போலத் தலைகாட்டியது.

விதையிடம் புதுமையைப் பெற்றுவிட்டவன், அத்துடன் விட்டுவிடாமல், மறுபடி இலையிடமே திரும்பி வரவேண்டியிருப்பது இந்தச் செடியின் விசேஷம். தேறிய நாற்றிலிருந்து இலை எடுத்துப் பிள்ளை உண்டாக்கி, அப்பிள்ளையின் இலையிலிருந்து பேரனையும், அதிலிருந்து கொள்ளுப்பேரனையும் எழுப்பிப் பார்க்கவேண்டும். மூன்று தலைமுறையும் ஒரே பூவைப் பூத்தால்தான் அது ரகம் எனப்படும். 1946இல் தோன்றிய அமெரிக்க ஆப்பிரிக்க வயலெட் சங்கம், ரகங்களைப் பதிவு செய்வதற்கு இந்த நிபந்தனையையே வைத்திருக்கிறது. சிலவற்றுக்கு இந்தப் பரீட்சையே செல்லாது. இதழின் நடுவே சக்கர ஆரம் போலப் பட்டை ஓடும் கைமேரா வகைச் செடிகளில், வெளித்தோலும் உட்பகுதியும் வெவ்வேறு பண்புடையவை. இலையிலிருந்து எழும் பிள்ளையோ மேல்தோலிலிருந்தே கிளம்புவதால், அந்தப் பட்டை மறைந்துபோய் வெறும் ஒரே நிறமாகிவிடும். அவற்றைப் பக்கக் கன்று பிரித்தும் பூக்காம்பை ஊன்றியுமே பெருக்கவேண்டியிருக்கிறது. ஆகையால்தான் அவற்றின் விலையும் அதிகம்.

இத்தனையும் எழுதுகிற என்னிடம், ஊதா நிறத்தில் இதழோரம் மட்டும் வெள்ளைக் கோடு ஓடும் ஒரு நாற்று இருக்கிறது. தாய் தந்தை இரண்டிடமும் இல்லாத லக்ஷணம் அது. இரண்டாவது முறை பூத்தபோதும் மாறவில்லை. அதன் இலைப் பிள்ளைகள் இப்போது பூக்கத் தொடங்கியிருக்கின்றன. அவற்றில் ஒன்று கோடே இல்லாத முழு ஊதாவாக மலர்ந்துவிட்டது. வெயில் மிகுந்த நாட்களில் இந்த வெள்ளைக் கோடு மங்குவதுண்டு என்பதால், அது செடியின் குற்றமா காலத்தின் குற்றமா என்று நிச்சயிக்க இன்னும் ஒரு கொத்துப் பூக்கவேண்டும். அதுவரை அந்தத் தொட்டியை மற்றவற்றோடு வைத்திருப்பதா, தனியே ஒதுக்குவதா என்ற விஷயத்தில் வீட்டில் இரண்டு அபிப்பிராயங்கள் இருக்கின்றன. நான் ஒதுக்கிவிடும் கட்சி.