கறள் பிடியாத கார் பிறந்த ஊர்

அயர்லாந்துத் தீவின் வடகிழக்குக் கரையிலே, கடல் உட்புகுந்து நிற்கும் ஒரு குடாவின் தலைப்பில் அமைந்துள்ளது பெல்பாஸ்ற் நகரம். அந்நகருக்குச் செல்லும் உல்லாசப் பிரயாணிகளிற் பெரும்பாலோர் டைற்றானிக் கப்பல் கட்டப்பெற்ற துறையைக் கண்டு, அங்கே வானளாவ நிற்கும் இரண்டு மஞ்சள் நிறப் பாரந்தூக்கிகளின் அருகே நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். நான் சென்றதோ ஒரு மோட்டார்க் காரைக் காண்பதற்கு. “காலி வீதியில் அரைமணி நேரம் நின்றாற் காணாத காரையா அங்கே போய்க் காணப் போகின்றீர்கள்?” என்று வீட்டிற் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. ஆயினும், இக்காரைக் காலி வீதியிற் காண இயலாது.

எண்பதுகளின் நடுப்பகுதியில் இளைஞராயிருந்தவர்கள் நான் கூறப்போகும் காரை அறிவர். வாடகைக்கு எடுத்த தொலைக்காட்சிப் பெட்டியையும் ‘டெக்’கையும் முற்றத்தில் வைத்து, ஊரார் கூடியிருந்து விடியும்வரை படம் பார்த்த காலம் அது. 1985ஆம் ஆண்டு வெளிவந்த ‘பாக் டு த பியூச்சர்’ என்னும் அமெரிக்கப் படத்தில், ஒரு விஞ்ஞானி வெள்ளிபோல் மினுங்கும் கார் ஒன்றைக் காலயந்திரமாக மாற்றிவிடுவார். கதவுகள் பறவையின் சிறகுபோல் மேல்நோக்கித் திறக்கும். மணிக்கு 88 மைல் வேகத்தைத் தொட்டதும் கார் காலத்தைக் கடந்து மறையும். அக்காரின் பெயர் டிலோரியன். அமெரிக்கக் கார் என்றே நாமெல்லாரும் எண்ணியிருந்தோம். அது பிறந்த இடம் பெல்பாஸ்ற் நகரின் அருகேயுள்ள டன்மரி என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே நான் அறிந்தேன். அன்று தொட்டு அவ்வூரைக் காணும் ஆவல் என்னை விடவில்லை.

கரையோரப் புகையிரதம்

பெல்பாஸ்ற்றிலிருந்து பாங்கர் என்னும் பட்டினத்துக்குச் செல்லும் புகையிரதம் குடாக் கரையை ஒட்டியே ஓடுகின்றது. ஒருபக்கம் கடல், மறுபக்கம் பச்சைப் பசேலென்ற மேட்டு நிலம். நம் நாட்டில் கொழும்பிலிருந்து தெற்கே செல்லும் கரையோரப் புகையிரதத்தை எனக்கு அது நினைவூட்டியது. தென்னையும் வெய்யிலும் மாத்திரம் அங்கில்லை. வழியில் கல்ற்றா என்ற சிறிய நிலையத்தில் இறங்கினால், அல்ஸ்ரர் போக்குவரத்து நூதனசாலையை நடந்தே அடையலாம்.

மோட்டார் வரலாற்றில் இந்நகருக்குள்ள பங்கை நம்மவர் அதிகம் அறியார். காற்றடைத்த டயரை 1888ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பெல்பாஸ்ற்றில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொய்ட் டன்லொப். தம் சிறு மகனின் முச்சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்பதே அவருடைய நோக்கமாயிருந்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1876இல், கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடத் தோட்டத்தில் இறப்பர்க் கன்றுகள் நாட்டப்பட்டிருந்தன. பின்னாளில் அவ்விறப்பரைத் தேடி உலகமே நம் மலையடிவாரங்களுக்கு வந்ததற்கு அந்த டயரே முதற் காரணம் எனலாம். இன்று வன்னி வயல்களை உழுகின்ற சிவப்பு நிற ‘மாசி பேர்குசன்’ இயந்திரங்களின் பெயரிற் பாதி, இந்நாட்டுக் கமக்காரரின் மகனாகப் பிறந்து பெல்பாஸ்ற்றில் மோட்டார்க் கடை நடத்திய ஹரி பேர்குசன் என்பவருடையது. ஆகவே இவ்வூர் நமக்கு முற்றிலும் அந்நியமன்று.

நூதனசாலையின் உள்ளே ஒரு பெருமண்டபத்தில் பழைய நீராவி இயந்திரங்கள் யானைக் கூட்டம்போல் நிற்கின்றன. 1939இல் கட்டப்பெற்ற ‘மேவ்’ என்னும் இயந்திரத்தின் சில்லுகள் என் உயரத்துக்குக் குறைந்தனவாகத் தோன்றவில்லை. அவற்றையெல்லாம் கடந்து சென்று, நான் தேடி வந்த காரின் எதிரே நின்றேன்.

வெள்ளியன்று, உருக்கு

முதலில் தோன்றியது, இது எவ்வளவு தாழ்ந்திருக்கின்றது என்பதே. தரையிலிருந்து கூரைவரை நான்கடிக்கும் குறைவான உயரம். உடலெங்கும் வர்ணம் இல்லை. நம் வீட்டுச் சமையலறையில் எவர்சில்வர்ப் பாத்திரங்கள் எதனாற் செய்யப்படுகின்றனவோ அதே கறள் பிடியாத உருக்கினால் ஆன தகடுகள், தூரிகையால் இழுத்தாற்போன்ற மெல்லிய கோடுகளுடன் மங்கலாக ஒளிர்கின்றன. கீறல் விழுந்தால் பாத்திரம் துலக்குவதுபோலத் தேய்த்தே அதனைப் போக்கிவிடலாமாம். இதற்கு வடிவம் வகுத்தவர் இத்தாலி நாட்டின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ஜியோர்ஜெற்றோ ஜியூஜாரோ. அடித்தளத்தையும் ஓட்டத்தையும் சீர்செய்து கொடுத்தது இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம். பின்புறத்தில் வைக்கப்பட்ட ஆறு சிலிண்டர் இயந்திரம் பிரான்சிலிருந்து வந்தது. அதன் வலு ஏறத்தாழ 130 குதிரை வலுவே. தோற்றத்துக்கு ஏற்ற வேகம் இல்லை என்று அந்நாளிலேயே குறை கூறினார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அக்கால அமெரிக்க விதிகளின்படி இக்காரின் வேகமானி 85 மைலோடு முடிந்துவிடும். படத்திற் காட்டிய 88 மைலை உண்மைக் காரின் வேகமானியிற் காண முடியாது.

காரை ஆக்குவித்தவர் ஜோன் டிலோரியன். 1925இல் டெற்றோயிற் நகரில், ருமேனியாவிலிருந்து குடியேறிய வார்ப்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்திற் பொறியியலாளராக உயர்ந்து, நாற்பது வயதிலேயே அதன் பொன்ரியாக் பகுதிக்குத் தலைவரானவர். 1973இல் அந்நிறுவனத்தை உதறிவிட்டு, நீதியான விலையில் நீடித்து உழைக்கும் காரைத் தாமே செய்வதெனப் புறப்பட்டார். விலை 12,000 டொலர் என்று நினைத்தே அதற்கு டி.எம்.சி. 12 எனப் பெயரும் வைத்தார். விற்பனைக்கு வந்தபோது விலை 25,000 டொலர்!

இரு வாயில்கள்

அவருக்கு வேண்டியிருந்தது பணம். பிரித்தானிய அரசுக்கு வேண்டியிருந்தது பெல்பாஸ்ற்றில் தொழில். 1960களின் இறுதியிலிருந்து அங்கே கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் இடையே மூண்ட பகை, நகரைத் தெருத் தெருவாகப் பிளந்திருந்தது. முப்பது ஆண்டுகளில் 3,500க்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட துயரம் அது. வேலையற்ற இளைஞரின் கைகளே ஆயுதத்தை எளிதில் ஏந்துகின்றன என்று எண்ணிய அரசு, 1978இல் இத்திட்டத்தை அணைத்துக்கொண்டது. முடிவில் அது கொடுத்த பணம் ஏறக்குறைய எட்டுக் கோடி பவுண்.

தொழிற்சாலைக்குத் தெரிந்தெடுத்த இடம் டன்மரியில் ஒரு சேற்று நிலம். அதன் ஒருபக்கம் கத்தோலிக்கர் வாழும் ருவின்புறூக், மறுபக்கம் புரட்டஸ்தாந்தர் வாழும் பகுதிகள். 1978 ஒக்டோபரில் வேலை ஆரம்பித்து, 1981 ஜனவரியிற் கார்கள் வெளிவரத் தொடங்கின. அவ்வளவு விரைவு!

இவற்றை நான் படித்து அறிந்திருந்தேன். ஆனால் நூதனசாலையில் என் அருகே நின்ற ஒரு முதியவர், படிப்பில் வராத சிலவற்றைக் கூறினார். காரை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, “இதில் நானும் வேலை செய்தேன், ஐயா” என்று அவராகவே பேச்சைத் தொடங்கினார். கதவு பொருத்தும் பகுதியில் இருந்தாராம். அதற்குமுன் அவர் கார்த் தொழிற்சாலை ஒன்றைக் கண்டதும் இல்லை. அவருடன் சேர்ந்த பலருக்கு அதுவே வாழ்நாளிற் கிடைத்த முதல் வேலை.

“தொழிற்சாலைக்கு இரண்டு வாயில்கள் இருந்தன. அவர்கள் தங்கள் பக்கத்து வாயிலால் வருவார்கள், நாங்கள் எங்கள் பக்கத்து வாயிலால் வருவோம். வெளியூர்ப் பத்திரிகையாளர் அதையே பெரிதாக எழுதினார்கள். உள்ளே வந்த பிறகு ஒரே வரிசையில் நின்றோம் என்பதை எழுத மறந்துவிட்டார்கள். கதவைத் தூக்கிப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். மற்றவன் எந்தக் கோயிலுக்குப் போகிறான் என்று கேட்டுக்கொண்டிருந்தால் கதவு காலில் விழுந்துவிடும்” என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் எப்பக்கத்து வாயிலால் வந்தவர் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

1981 மே மாதம் 5ஆம் நாள், உண்ணாவிரதம் இருந்த பொபி சான்ட்ஸ் சிறையில் இறந்தார். அவருடைய குடும்பம் வாழ்ந்த இடம் ருவின்புறூக். அவ்வேளையில் எழுந்த கலகத்திலே தொழிற்சாலையின் தற்காலிக அலுவலகக் கட்டிடங்கள் பெற்றோல் குண்டுகளுக்கு இரையாயின. ஆயினும் கார்கள் வெளிவருவது நிற்கவில்லை. “அந்த வாரம் வேலைக்குப் போகப் பயமாக இருக்கவில்லையா?” என்றேன். “பயந்தான். ஆனால், போகாமல் இருக்க அதைவிடப் பயம்” என்றார்.

குறுங்காலக் கனவு

கலகம் அழிக்காத தொழிற்சாலையைக் கணக்குப் புத்தகம் அழித்தது. அமெரிக்காவிற் பொருளாதார மந்தம். வட்டி உயர்ந்திருந்தது, கார் வாங்குவோர் அருகினர். புதிய தொழிலாளர் கையில் உருவான முதற் கார்களிற் குறைகள் இருந்தமையால் அவற்றை அமெரிக்காவிலே மீண்டும் திருத்த வேண்டியதாயிற்று. விற்பனை குறையும் வேளையிலே உற்பத்தியைப் பெருக்கியது பெரும் பிழை. 1982 பெப்ரவரியில் நிறுவனம் கடன்காரர் சார்பான நிருவாகிகளின் கைக்குப் போயிற்று. தாட்சர் அம்மையாரின் அரசு மேலும் பணம் கொடுக்க மறுத்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 19ஆம் நாள், போதைப்பொருள் வியாபாரக் குற்றச்சாட்டில் டிலோரியன் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் கைதானார். அரசு விரித்த பொறியில் அவர் வீழ்த்தப்பட்டார் என்ற வாதத்தின் பேரில் 1984இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால், விடுவிக்க அப்போது டன்மரியில் ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. உச்சநிலையில் ஏறத்தாழ 2,500 பேர் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. அவர்கள் செய்து முடித்த கார்கள் சுமார் 9,000.

படம் வெளிவந்ததோ அதற்கும் பின்னர். உலகம் இக்காரைக் காதலிக்கத் தொடங்கியபோது அதனைச் செய்தவர்கள் வேலையின்றி நின்றார்கள். உருக்குத் தகடுகளுக்கு வடிவம் கொடுத்த பெரிய அச்சுகளிற் சில பழைய இரும்பாக விற்கப்பட்டு, மேற்கு அயர்லாந்தின் கோல்வே கரையில் மீன் வளர்க்கும் வலைக்கூடுகளுக்கு நங்கூரமாகக் கடலில் இறக்கப்பட்டன. கறள் பிடியாத காரின் அச்சுகள் உப்புநீரிற் கறள் பிடித்துக் கிடப்பதை விதியின் விளையாட்டு என்றே சொல்ல வேண்டும்.

டன்மரியில் ஒரு பிற்பகல்

மறுநாள் டன்மரிக்குப் போனேன். பெல்பாஸ்ற்றின் தென்மேற்கே, லிஸ்பேர்ண் செல்லும் புகையிரதப் பாதையில் உள்ளது அவ்வூர். காண்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. தொழிற்சாலைக் கட்டிடங்கள் பின்னர் அலுமினிய வார்ப்புத் தொழிலுக்குப் பயன்பட்டன. வேலியின் ஓரமாக நடந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒருபக்கத்து வீடுகளிலிருந்தும் மறுபக்கத்து வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தார்கள். உடைகள் வேறு, பேச்சும் சிரிப்பும் ஒன்றே. 1998ஆம் ஆண்டின் சமாதான உடன்படிக்கைக்குப் பின்னர் பிறந்த தலைமுறை அது.

அவ்வேலியைப் பார்த்தபோது, 1990இல் போரினால் ஓய்ந்துபோன காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை என் மனக்கண்ணில் தோன்றியது. ஒரு தொழிற்சாலை நின்றுபோனால் நாம் இழப்பது சம்பளத்தை மாத்திரமன்று. வேறு வேறு வாயில்களால் வந்தவர்கள் ஒன்றாக நின்று ஒரு பாரத்தைத் தூக்கும் இடத்தையும் இழக்கின்றோம். பிரசங்கங்களால் உண்டாக்க முடியாத உறவை ஒரு கதவின் பாரம் உண்டாக்கிவிடுகின்றது.

இன்று டிலோரியன் கார்களைத் தேடி வாங்கிப் பொன்போற் காப்பவர்கள் உலகெங்கும் உளர். டெக்சாசில் ஒரு நிறுவனம் எஞ்சிய உதிரிப் பாகங்களை வாங்கி அவர்களுக்கு வழங்கி வருகின்றது. செய்தவற்றிற் பெரும்பகுதி இன்னும் அழியாதிருப்பதாகவே கூறுகின்றார்கள். கார் வைத்திருப்போர் இடையிடையே வட அயர்லாந்திற் கூடி, சிறகுக் கதவுகளை விரித்துக்கொண்டு வரிசையாக நிற்பதும் உண்டாம். அவ்வேளைகளில் பழைய தொழிலாளரும் வந்து பார்ப்பார்கள் என்று நூதனசாலையிற் கண்ட முதியவர் கூறினார்.

விடைபெறும்போது அவர் சொன்ன ஒன்றை இங்கே எழுதிவிடுகின்றேன். “வர்ணம் பூசாத உருக்கு, ஐயா. கை பட்டால் அடையாளம் தெரியும். ஒவ்வொரு காரையும் துடைத்துத் துடைத்தே அனுப்பினோம். இப்போது நினைத்தால், ஒன்றையாவது துடைக்காமல் அனுப்பியிருக்கலாம் என்று தோன்றுகின்றது.”

எவருடைய கை எதுவென்று இன்று எவரும் பிரித்தறிய முடியாது. அக்காருக்குள்ள பெருமைகளில் அதுவே தலையாயது என எண்ணிக்கொண்டு புகையிரதம் ஏறினேன்.