ஜீப் வாங்கப் போனேன்

போடிநாயக்கனூரில் விடியுமுன் எழுந்து தெருவில் நின்றால் ஜீப்புகளின் வரிசையைக் காணலாம். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குச் சட்டியும் சாக்குமாக ஏறி நெருக்கியடித்து உட்கார, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மலையை நோக்கிப் புறப்படும். போடிமெட்டுவரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கப்பால் கேரளம், பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலக்காட்டு ஊர்கள். எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு ஜீப் ஓர் ஆடம்பரப் பொருளன்று. உழவனுக்கு மாடு எப்படியோ அப்படி.

என் தந்தையார் விட்டுச்சென்ற இரண்டு ஏக்கர் ஏலம் பூப்பாறைக்கு அப்பால் இருக்கிறது. தார்ச்சாலையை விட்டு ஐந்து கிலோமீட்டர் மண் பாதை. மழைக்காலத்தில் அதனைப் பாதை என்று சொல்வதே பொய். 1971-ஆம் ஆண்டு, ஓர் ஆடி மாத இரவில், பேறுகால வேதனையிலிருந்த என் தாயாரை அந்தப் பாதை வழியாகத்தான் பக்கத்து எஸ்டேட்டின் ஜீப்பில் கீழே கொண்டுவந்தார்கள். நான் பின்னிருக்கையில் அரிக்கன் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தாயும் பிழைத்தார், தம்பியும் பிழைத்தான். அன்று தொடங்கி, சொந்தமாக ஒரு ஜீப் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்துவந்தது. ஆசிரியர் சம்பளமும் மூன்று பிள்ளைகளின் படிப்பும் அந்த ஆசையை 50 ஆண்டுகள் பொறுத்திருக்கச் செய்தன. ஓய்வு பெற்றபின், 2022-இல், ஒரு பழைய ஜீப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். என் மனைவி, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க ஜீப்பு?" என்று கேட்டாள். அதற்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை.

எனக்கு வாய்த்த குரு எங்கள் ஊர்ப் பட்டறை மேஸ்திரி. 40 ஆண்டுகளாக ஜீப்புக்கு அடியில் படுத்தே வாழ்ந்தவர். இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின என்று நான் படித்ததைச் சொன்னால், அவர் அதனைக் காதில் வாங்கிக்கொள்ளமாட்டார். பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் உரிமத்தின் பேரில் இணைத்து, பின்னர் இங்கேயே செய்த 'சி.ஜே.3பி' வண்டிதான் அவருக்கு ஜீப். அதன் முன்மூடி, அதாவது பானெட், மற்றவற்றைவிட உயரமாக இருக்கும். அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. உள்ளே வரும் காற்றுக்கான வால்வுகளை எஞ்சினின் தலைப்பகுதிக்கு மாற்றியதால் எஞ்சின் உயர்ந்தது. எஞ்சின் உயர்ந்ததால் மூடியும் உயர்ந்தது. "மூஞ்சி உசரமா இருந்தா நம்ம ஆளு சார்" என்பார்.

முதலில் நாங்கள் பார்க்கப் போனது ஒரு தரகர் காட்டிய வண்டி. கண்ணைப் பறிக்கும் சிவப்பு. அகன்ற பெரிய டயர்கள், உச்சியில் வரிசையாக விளக்குகள், நிமிர்ந்த இருக்கைகள். அரியானாவில் டப்வாலி என்ற ஊரில் பழைய ஜீப்புகளைப் பிரித்து இப்படிப் புதிதாகச் செய்து விற்பது ஒரு பெருந்தொழில். அங்கிருந்து வந்ததென்றார் தரகர். என் இளைய மகன் அதைச் சுற்றிச்சுற்றி வந்து படம் எடுத்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசை பொங்கிற்று.

மேஸ்திரி வண்டியின் அழகைப் பார்க்கவேயில்லை. ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு கம்பி பிரஷ்ஷால் சேஸிஸைச் சுரண்டி எண்ணைத் தேடினார். எண் இருந்தது. ஆனால் அதைச் சுற்றியிருந்த இரும்பு வழவழவென்று தேய்க்கப்பட்டிருந்தது; எழுத்துகள் கோணல்மாணலாக நின்றன. புத்தகத்தில் பெட்ரோல் என்றிருந்தது, உள்ளே இருந்ததோ வேறு ஏதோ வண்டியின் டீசல் எஞ்சின். பழைய பெட்ரோல் ஜீப் எண்ணெய் குடிப்பதில் அரக்கன் என்பதால் பலரும் டீசலுக்கு மாற்றிவிடுகிறார்கள். எஞ்சினை மாற்றியதை உரிய அனுமதி பெற்றுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாதென்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்திற்று.

"எல்லாரும் இப்படித்தான ஓட்டுறாங்க? யாரு வந்து பானெட்டத் தொறந்து பாக்கப்போறா?" என்றார் தரகர்.

மேஸ்திரி என்னைத் தனியே அழைத்துப் போனார். "டயரு பெருசு, எஞ்சின் கனம், ஆனா பிரேக்கு மட்டும் அந்தக் காலத்து டிரம்முதான். பதினேழு வளைவு எறங்கணும் சார். ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல நம்பரத்தான் பாப்பான்" என்றார். மேலே உள்ள தோட்டத்துப் பிள்ளைகளும் கிழவிகளும் கைகாட்டினால் நிறுத்தாமல் போக என்னால் முடியாது. அவர்களை நினைத்தபோது சிவப்பு வண்டியின் மேலிருந்த ஆசை தணிந்தது. மகன் வீடு வந்து சேரும்வரை பேசவில்லை.

பிறகு நான்கைந்து வண்டிகள் பார்த்தோம். ஒன்றில் நான்கு சக்கர இழுவைக்கான கம்பி அழகாக முன்னும் பின்னும் போயிற்று. குனிந்து பார்த்தால் முன்சக்கரங்களுக்குப் போகும் தண்டையே கழற்றி விற்றிருந்தார்கள். மற்றொன்றில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வந்தது. மேஸ்திரி மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, "வாங்க சார், டீ குடிப்போம்" என்றார். அதுவே அவர் தீர்ப்பு.

இவ்வாறு, விற்கிறவன் எப்படியெல்லாம் ஏமாற்றுவான் என்பதில் மூன்று மாதத்தில் நான் தேர்ச்சி பெற்றேன். வாங்குகிறவன் ஏமாற்றுவதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு மூதாட்டி; 74 வயது. அவர் கணவர் 2020-இல் இறந்துபோனார். அவருடைய ஜீப் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். பாயை விலக்கியதும் மேஸ்திரி ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். 1964-ஆம் ஆண்டு வண்டி. உயர்ந்த பானெட். நிறம் மங்கி, இருக்கைகளை எலி கடித்து, டயர்கள் வெடித்திருந்தன. ஆனால் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தில் உள்ளபடியே இருந்தன. அதே பெட்ரோல் எஞ்சின், அதே கியர் பெட்டி, முன் தண்டும் அதன் இடத்தில்.

"தம்பி, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் குடுங்க. தார்ப்பாயப் பாக்குறப்பல்லாம் அவர மூடி வச்ச மாதிரி இருக்கு" என்றார் அந்த அம்மையார்.

நான் என்ன செய்தேன்? வண்டியைச் சுற்றி வந்து, டயரைக் காலால் தட்டி, "நிறையச் செலவு வைக்கும் போலிருக்கே அக்கா" என்றேன். நீதிமொழிகள் நூலின் 20-ஆம் அதிகாரத்தில், சரக்கைப் பழித்துக்கொண்டே வாங்கி, வெளியே போய் மெச்சிக்கொள்ளும் ஒருவனைப் பற்றி வருகிறது. மறைக்கல்வி வகுப்பில் அதனைப் பிள்ளைகளுக்கு நானே விளக்கியிருக்கிறேன். அன்று அது நினைவுக்கு வரவில்லை. 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன்.

தெருமுனை திரும்பியதும் மேஸ்திரி என் கையைப் பற்றிக்கொண்டார். "சார், கண்ண மூடிக்கிட்டு மூணு லட்சம் போகும். ஒண்ணும் மாத்தாத வண்டி இது" என்றார். முதற்பதிவு ஆகி 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் எதுவுமின்றி மூல வடிவிலேயே பேணப்பட்ட வண்டிகளைப் 'பழம்பெரும் வாகனம்' என்று தனி வரிசை எண்ணில் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. அன்றாடப் போக்குவரத்துக்கு அத்தகைய வண்டியை ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் பேரணி போன்றவற்றுக்குத்தான். ஆனாலும் சேகரிப்பவர்கள் பணத்தோடு ஊர் ஊராகத் தேடுகிறார்கள் என்றார். நாங்கள் இருவரும் பள்ளிப் பிள்ளைகளைப் போலச் சிரித்தோம். வெட்கத்தோடு இதனை எழுதுகிறேன்.

அந்த வாரம் முழுவதும் எனக்குள் ஒரு வழக்கு நடந்தது. விலையைச் சொன்னவர் அவர்தான், நான் பேரம்கூடப் பேசவில்லை, பொய்யும் சொல்லவில்லை, மேஸ்திரியின் அறிவுக்கு நான்தானே கூலி கொடுக்கிறேன் என்று வாதாடினேன். எல்லாம் நியாயமாகவே பட்டது. இரவில் மட்டும் தூக்கம் வரவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை, சொல்லாததே எனக்கு ஓர் அடையாளமாக இருந்திருக்க வேண்டும்.

ஞாயிறு திருப்பலியில் சமாதானம் பரிமாறிக்கொள்ளும் வேளை வந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து அந்த அம்மையார் என்னைத் தேடித் திரும்பி, இரு கைகளையும் கூப்பித் தலை தாழ்த்தினார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. கணவரின் வண்டி நல்ல கைக்குப் போகிறதென்ற நிம்மதி. நானும் கைகூப்பினேன். அதன்பின் நற்கருணை வாங்க எழுந்து போக என்னால் முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் வழிவிட்டுக் காத்திருந்தார். நான் முழந்தாளிட்டபடியே இருந்துவிட்டேன்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார். குடிக்கும் முன் சொல்லிவிட்டேன்: "அக்கா, அந்த வண்டி நீங்க கேட்டது போல ரெண்டு பங்குக்கு மேல பெறும்."

அவர் வெகுநேரம் என்னைப் பார்த்தார். நன்றி சொல்வார் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன் போலும். அவர் கேட்டது வேறு. "எப்பத் தெரியும் தம்பி?"

"அன்னைக்கே தெரியும்" என்றேன்.

"அப்ப, ஒரு வாரம்" என்றார். அவ்வளவுதான்.

கோயமுத்தூரில் இருந்த அவர் மகன் அடுத்த வாரம் வந்தார். புத்தகம் இறந்தவர் பெயரிலேயே இருந்தது. வண்டி உரிமையாளர் இறந்தால் வாரிசு மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் விண்ணப்பித்துப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தக் காகித வேலைக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அம்மையாரோடு மூன்று முறை போய்வந்தேன். போகும் வழியில் அவர் பேசவில்லை. கடைசியில் ஒரு சேகரிப்பாளர் 2,80,000 ரூபாய்க்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவு கொடுக்க என்னிடம் அப்போது பணம் இல்லை. முன்பணம் 10,000 ரூபாய் ஓர் உறையில் திரும்பி வந்தது, மகன் கையால்.

மேஸ்திரிக்கு என்மேல் கோபம். "உங்களுக்குன்னு நான் சொன்னத நீங்க ஊருக்கே சொல்லிட்டீங்க" என்று இரண்டு மாதம் முகம் கொடுக்கவில்லை. அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அவருக்கு வரவேண்டிய வேலையும் கூலியும் போயின. என் மனைவியோ, "ஜீப்பு போனாப் போகுது, அந்த ஒரு வாரம் எங்கிட்டக்கூடச் சொல்லலையே" என்றாள்.

2023 தை மாதத்தில் ஒரு 1996-ஆம் ஆண்டு 'எம்.எம். 540' டீசல் வண்டியை வாங்கினேன். மேஸ்திரி வந்துதான் பார்த்தார். எண்கள் சரி, நிறம் சுமார், முன்சக்கர இழுவையைச் சீராக்க மட்டும் 35,000 ரூபாய் பிடித்தது. விற்றவரிடம், மேஸ்திரி கண்டுபிடித்த நல்லதையும் கெட்டதையும் அவர் முன்னிலையிலேயே சொல்லி விலை பேசினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, நல்லதைக் கேட்டவுடன் 5,000 ரூபாய் ஏற்றிவிட்டார்.

மலைமேல் உள்ள சிற்றாலயத்தின் திருவிழாவுக்குச் சென்ற ஆண்டு அந்த வண்டியில் போனோம். கோயில் வாசலில் புறப்படும்போது, யாரும் அழைக்காமலேயே அந்த அம்மையார் வந்து முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். என் மனைவி செபமாலையுடன் பின்னே போய் உட்கார்ந்தாள். பதினேழு வளைவும் ஏறி முடியும்வரை அவர் வாய் திறக்கவில்லை. மேட்டில் வண்டியை நிறுத்தி எஞ்சின் ஆற இருந்தபோது, பானெட்டை ஒருமுறை கையால் தட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் ஏறுது தம்பி. ஆனா எங்க வண்டிச் சத்தம் இதுல இல்ல."