வாயசைத்த பிள்ளை



வழக்கமாக வகுப்பறையைப் பற்றியே எழுதும் நான், இன்று என் சமய வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல விழைகிறேன். அதுவும் இறுதியில் வகுப்பறைக்கே வந்து சேரும். ஆகவே, பிற சமய அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1996ஆம் ஆண்டின் இறுதி. எஸ்.பி.எம். தேர்வை எழுதி முடித்திருந்தேன். எனக்கு வயது 17. தோட்டத்தில் வாழ்ந்த கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. பட்டணத்துச் சபை ஒன்று நடத்திய இளையோர் முகாமிற்குத் தோழியருடன் சென்றிருந்தேன். இரண்டாம் நாள் இரவு ஜெபக் கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக அந்நியபாஷை பேசத் தொடங்கினர். தாம் கற்றறியாத மொழியில் தூய ஆவியின் ஏவுதலால் பேசுவதையே கிறிஸ்தவர்கள் அவ்வாறு அழைப்பர். அது ஆவிக்குரிய வரங்களுள் ஒன்று.

என் நாவில் மட்டும் எதுவும் எழவில்லை. கூட்டத்தை நடத்தியவர் என் தலைமேல் கைவைத்து நெடுநேரம் ஜெபித்தார். பின்னர், “நீ இன்னும் உன்னை முழுமையாக ஒப்புக்கொடுக்கவில்லை போலும்” என்றார். சுற்றி நின்ற அனைவரும் என்னையே பார்த்தனர். நான் கண்களை மூடிக்கொண்டேன். பக்கத்தில் நின்றவள் எழுப்பிய ஒலிகளைச் செவிமடுத்து, அவற்றைப் போலவே வாயசைத்தேன். “அல்லேலூயா” என்ற முழக்கம் எழுந்தது. தோழியர் என்னைக் கட்டித் தழுவினர். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கடவுளின் பெயரால் பொய் சொன்னவள் என்ற எண்ணம் பல்லாண்டுகள் என்னை வாட்டியது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாள்களில்தான் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தை முறையாகப் படித்தேன். கி.பி. 55ஆம் ஆண்டளவில் எபேசு நகரிலிருந்து எழுதப்பட்ட மடல் அது. கொரிந்து ஒரு செல்வச் செழிப்பான வணிக நகரம். அங்கிருந்த சபையில் ஏற்றத்தாழ்வு மிகுந்திருந்தது. ஒன்றுகூடி உண்ணும் விருந்திலும் வசதியுள்ளவர் முந்திக்கொண்டு உண்ண, இல்லாதவர் பசித்திருந்தனர். அத்தகைய சபையில் அந்நியபாஷையும் உயர்வு தாழ்வு காட்டும் அளவுகோலாக மாறியிருந்தது. பவுல் அதைத்தான் கண்டிக்கிறார்.

பன்னிரண்டாம் அதிகாரத்தின் முடிவில் அவர் வரிசையாகச் சில வினாக்களை எழுப்புகிறார். எல்லாரும் அப்போஸ்தலரா, எல்லாரும் பாஷைகளைப் பேசுகிறார்களா என்னும் போக்கில் அவை அமைகின்றன. மூலக் கிரேக்கத்தில் அவ்வினாக்கள் ‘இல்லை’ என்ற விடையை எதிர்பார்க்கும் வடிவிலேயே உள்ளன. அதை அறிந்த அன்று விடுதி அறையில் அழுதுவிட்டேன்.

வரம் என்பதற்குக் கிரேக்கத்தில் ‘கரிஸ்மா’ என்பர். அருள் எனப் பொருள்படும் ‘கரிஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது அது. உழைத்துப் பெறும் கூலியன்று. தகுதிக்கு அளிக்கும் சான்றிதழுமன்று. வரங்களின் பட்டியல் புதிய ஏற்பாட்டில் பல இடங்களில் வருகிறது. ஒரு பட்டியலைப் போல் மற்றொன்று இல்லை. நோய் தீர்த்தலும் தீர்க்கதரிசனமும் இருக்கும் அதே வரிசையில் கற்பித்தல், பிறருக்குத் துணைநிற்றல், ஈதல், இரக்கம் காட்டல் ஆகியவையும் இடம்பெறுகின்றன. எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றே: பெற்றவருக்குப் பெருமை சேர்ப்பதன்று, மற்றவரின் பக்திவிருத்தி. வரங்களைப் பேசும் பன்னிரண்டாம், பதினான்காம் அதிகாரங்களுக்கு நடுவே அன்பைப் பற்றிய அதிகாரத்தைப் பவுல் வைத்திருப்பதும் இக்கருத்துக்கு அரணாகிறது.

அந்நியபாஷை பேசுவோரை நான் குறை கூறவில்லை. பவுலும் அதைப் பேசியவரே. அதைத் தடுக்க வேண்டாம் என்றும் எழுதியவரே. அந்த வரம் இன்றும் உண்டா, ஆவியின் அபிஷேகத்திற்கு அதுதான் அடையாளமா என்பவற்றில் சபைகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்க்கும் புலமை எனக்கில்லை. ஒரு பிள்ளையைப் பொய் பேச வைக்கும் வற்புறுத்தல் மட்டும் வரத்தின் வழியன்று என்பதை என் வாழ்வில் கற்றேன்.

பல ஆண்டுகளுக்குப் பின் இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “எனக்கும்தான் அந்த வரம் கிடைக்கல. யாராவது நோயில படுத்தா கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனேன். அதுக்கே நேரம் சரியா போச்சு” என்றார்.

சென்ற ஆண்டு மூன்றாம் ஆண்டு வகுப்பில் மாணவர்கள் ஒருமித்த குரலில் பாடப்பகுதியை வாசித்துக்கொண்டிருந்தனர். மூன்றாம் வரிசையில் ஒரு சிறுவனின் உதடுகள் மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கி அசைந்தன. எனக்கு அந்த அசைவு நன்கு தெரிந்த ஒன்று. ஓய்வு நேரத்தில் தனியே அழைத்துக் கேட்டேன். “நான் மட்டும் சும்மா இருந்தா எல்லாரும் பார்ப்பாங்க, டீச்சர்” என்றான். உயிர்மெய் எழுத்துகளே அவனுக்குப் பிடிபடவில்லை. இரண்டு ஆண்டுகளாக அந்தப் பேரொலிக்குள் அவன் ஒளிந்திருந்திருக்கிறான்.

அன்று முதல் நாள்தோறும் பத்து நிமிடம் அவனோடு அமர்ந்தேன். பிறர் அறிந்து பயன்பெறும் ஐந்து சொற்கள், புரியாத பதினாயிரம் சொற்களைவிட மேலானவை என்ற கருத்தைப் பவுல் சபைக்குச் சொன்னார். எனக்கு அது வாசிப்புப் பாடத்திற்கும் பொருந்துகிறது. ஆண்டிறுதியில் அவன் தட்டுத் தடுமாறி ஐந்து சொற்கள் கொண்ட வாக்கியம் ஒன்றைத் தன் சொந்தக் குரலில் வாசித்தான். கற்பித்தலும் ஒரு வரமென்றால், அது எனக்கு எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பது அன்று விளங்கியது.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, பிள்ளைகள் கூட்டமாக முழங்கும்போது ஒருமுறை அருகில் சென்று அவர்களின் உதடுகளைக் கவனியுங்கள். எவரேனும் வாயசைத்துக்கொண்டிருந்தால், எல்லார் முன்னும் கேட்டுவிடாதீர்கள். தனியே அழைத்துப் பேசுங்கள்.