ஆசிரியர் செய்த கலப்பை

என் தந்தையார் இரயில்வேயில் பணியாற்றியவர். அவருடைய வேலையின் பொருட்டு நாங்கள் திருநெல்வேலியை விட்டு மகாராட்டிரத்தின் மிரஜ் நகரில் குடியேறியபோது எனக்கு வயது ஆறு. மாலைதோறும் குடியிருப்பின் மதிலோரம் நின்று வண்டிகளைப் பார்ப்பேன். இரயில் ஓட்டுநர் ஆகவேண்டும் என்பதே என் ஒரே ஆசை.

எட்டாம் வகுப்பில் படிக்கும்போது பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது. வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஓர் அட்டையை மருத்துவர் காட்டினார். மற்ற மாணவர்கள் அதில் மறைந்திருந்த எண்ணை உடனே கூறினர். எனக்கோ புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. சிவப்பையும் பச்சையையும் என் கண்களால் பிரித்தறிய இயலாது என்று மருத்துவர் கூறினார். கைகாட்டி விளக்கின் நிறம் அறியாதவன் வண்டியை எவ்வாறு ஓட்டுவான்? அன்றிரவு நெடுநேரம் அழுதேன். பல நாட்கள் புத்தகத்தைத் தொடவே இல்லை.

அடுத்த மாதம் மேற்பரிசோதனைக்காகத் தந்தையார் என்னைப் புணேவுக்கு அழைத்துச் சென்றார். வழியில் ஒரு சிறிய நிலையத்தில் வண்டி நின்றது. பெயர்ப்பலகையில் 'கிர்லோஸ்கர்வாடி' என்றிருந்தது.

"தம்பி, நம் ஊர்த் தோட்டத்துக் கிணற்றடியில் நீர் இறைக்கும் எந்திரத்தில் இந்தப் பெயரைப் பார்த்திருக்கிறாய் அல்லவா?" என்று கேட்ட தந்தையார், இலட்சுமணராவ் கிர்லோஸ்கரின் வரலாற்றைக் கூறத் தொடங்கினார்.

1869-ஆம் ஆண்டு பெல்காம் பகுதியில் பிறந்த அவர், ஓவியராக விரும்பி மும்பை ஜே. ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்தார். ஆனால், அவருடைய கண்களும் சில நிறங்களைப் பிரித்தறியவில்லை. ஓவியத்தை விட்ட அவர், நிறம் வேண்டாத, கோடும் அளவும் மட்டுமே வேண்டிய எந்திர வரைபடக் கலையைக் கற்றார். பின்னர் மும்பை விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்லூரியில் ஆசிரியரானார். தமக்கு உரிய பதவி உயர்வு வேறொருவருக்கு அளிக்கப்பட்டபோது, அவ்வேலையைத் துறந்து பெல்காம் திரும்பினார்.

அங்கே தம் தமையனாருடன் மிதிவண்டிக் கடை நடத்தினார். தீவனம் வெட்டும் கருவியையும் இரும்புக் கலப்பையையும் செய்தார். இரும்பு பட்டால் மண் நஞ்சாகிவிடும் என்று உழவர்கள் அஞ்சினர். முதல் கலப்பையை விற்க அவருக்கு ஏறத்தாழ 2 ஆண்டுகள் ஆயின. பட்டறை இருந்த இடத்தையும் இழந்தபோது, ஔந்து சமத்தான மன்னர் 32 ஏக்கர் தரிசு நிலம் அளித்தார். கள்ளி மண்டிக் கிடந்த அந்நிலத்தில் 1910-ஆம் ஆண்டு தொழிற்சாலையும் ஊரும் எழுந்தன. அவ்வூரில் தீண்டாமைக்கு இடமில்லை என்று அவர் விதித்தார். 1946-இல் புணேவில் எண்ணெய் எந்திர நிறுவனமும் பெங்களூரில் மின்பொறி நிறுவனமும் தொடங்கப்பட்டபோது அவருக்கு வயது 77. 1956-இல், 87 வயதில் அவர் மறைந்தார். 1969-இல் அவருடைய நூற்றாண்டையொட்டி இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

கதை முடிவதற்குள் நிலையம் வெகுதொலைவு பின்தங்கிவிட்டது. தந்தையார் அறிவுரை எதுவும் கூறவில்லை. எனக்கு அப்போதே ஆறுதல் உண்டாயிற்று என்றும் கூறமாட்டேன். புணே மருத்துவரும் முன்னவர் கூறியதையே கூறினார். ஆயினும், திரும்பும் வழியில், "அப்பா, எனக்கு ஒரு வரைபலகை வாங்கித் தருவீர்களா?" என்று கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிச் சன்னலுக்கு வெளியே பார்த்தார். அவர் கண்கள் கலங்கியிருந்ததை நான் கண்டேன்.

இன்று நான் ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தில் எந்திர வரைபடம் கற்பிக்கிறேன். நான் ஓட்டுநர் ஆகவில்லை. அந்த வருத்தம் முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. எனினும், என் மாணவர்கள் சிலர் இரயில் எஞ்சின் பணிமனைகளில் வேலை செய்கின்றனர். புணே செல்லும்போதெல்லாம் அந்தச் சிறிய நிலையத்தின் பெயர்ப்பலகையை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிறேன். தந்தையார் இப்போது உடன் இல்லை. அவர் குரல் மட்டும் அப்பெயரோடு சேர்ந்து ஒலிக்கிறது.