வண்டி மாற்றிய கதை

புல்லட்டை விற்றுவிட்டு ஸ்கூட்டர் வாங்கினேன். மற்ற இடங்களில் இது ஒரு செய்தியே இல்லை. மைலேஜ் எவ்வளவு, தவணை எத்தனை மாசம் என்று ரெண்டு கேள்வியோடு முடிந்துபோகும். எங்கள் சேரியில் மூன்று நாள் பஞ்சாயத்து நடந்தது. "இன்னாண்ணா இது, பொம்பளைங்க ஓட்டுற வண்டிய வாங்கினு வந்துகிற?" என்று ஒருத்தன் ஆரம்பித்தான். இன்னொருத்தன் நேராகவே கேட்டான்: "பயந்துட்டியா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அப்பாவின் சைக்கிளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

விழுப்புரம் மாவட்டத்தில் எங்கள் ஊர். மெயின் ரோட்டிலிருந்து சேரிக்கு வர ஊர்த்தெரு வழியாகத்தான் வர வேண்டும். வேறு வழி இல்லை, வயல்தான். அப்பாவிடம் ஒரு ஹெர்குலிஸ் சைக்கிள் இருந்தது. பின்னால் புண்ணாக்கு மூட்டை, முன்னால் நான். பத்து கிலோமீட்டர் மிதித்துக்கொண்டு வருவார். ஊர்முனைப் பிள்ளையார் கோயில் வந்ததும் இறங்கிவிடுவார். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டுவார். என்னையும் இறக்கிவிடுவார். தெருவைத் தாண்டிப் புளியமரம் வரும்வரை தள்ளிக்கொண்டே நடப்பார். அப்புறம் செருப்பு காலுக்கு வரும், நான் பாருக்கு ஏறுவேன். "எறங்குடா" என்று யாரும் அதட்டி நான் பார்த்ததில்லை. அதட்டத் தேவையில்லாத காலம் அது. சொல்லாமலே இறங்கிக்கொள்ள உடம்பைப் பழக்கி வைத்திருந்தார்கள். நான் சொல்வது 1990களின் நடுப்பகுதி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலேயே வந்துவிட்டது. சட்டம் டில்லியில் இருந்தது, எங்கள் தெருமுனையில் பிள்ளையார்தான் இருந்தார்.

அந்தச் சட்டத்தை 2015இல் திருத்தினார்கள். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதும், செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பதும் குற்றம் என்று பிரிவு 3(1)இல் தனியாக ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள். முதல் தடவை படித்தபோது எனக்கு அப்பாவின் ஹேண்டில்பாரில் தொங்கிய செருப்புதான் ஞாபகம் வந்தது. நாட்டின் சட்டப் புத்தகத்தில் சைக்கிளும் செருப்பும் இடம்பிடிக்கிறது என்றால் எத்தனை லட்சம் பேர் இறங்கித் தள்ளியிருக்க வேண்டும்!

வண்டி என்பது நம்மவர்களுக்கு வெறும் வண்டியாக ஒருநாளும் இருந்ததில்லை. கேரளத்தில் அய்யன்காளி 1893இல் வில்வண்டி ஒன்றை வாங்கி, மாடு பூட்டி, தடுக்கப்பட்ட பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். அவருக்கு எங்கும் அவசரமாகப் போக வேண்டியிருக்கவில்லை. சாலையில் போவதேதான் வேலை.

எம்.ஏ. தமிழ் முடித்து, ஒரு தனியார் கல்லூரியில் சொற்பச் சம்பளத்துக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், 2014இல், நான் புல்லட் வாங்கினேன். 1998 மாடல். 350 என்று சொல்வார்கள், கணக்குப்படி 346 சி.சி. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின். புதுசு வாங்கக் காசு கிடையாது. மெக்கானிக் பாய் ஒருத்தர் நாற்பத்திரண்டாயிரத்துக்கு முடித்துக் கொடுத்தார். அந்த வண்டியைப் பழகுவது தனிப் படிப்பு. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றது கீழே. வேறு வண்டி ஓட்டிப் பழகியவன் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பான். உதைப்பதற்கு முன்னால் ஹெட்லைட் பக்கத்தில் இருக்கிற ஆம்பியர் மீட்டரைப் பார்க்க வேண்டும். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மிதித்து, முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, லீவரை விட்டு, அப்புறம் ஒரே உதை. முறை தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கி ஒரு வாரம் நொண்டியிருக்கிறேன். 160 கிலோவுக்கு மேல் எடை. சாய்ந்தால் தூக்க ஆள் கூப்பிட வேண்டும்.

புல்லட்டே ஏன் என்று அப்போதும் கேட்டார்கள். நம் சினிமாவில் புல்லட்டில் வருகிறவன் யார் என்று யோசித்துப் பாருங்கள். பண்ணையார், மீசைக்காரர், இன்ஸ்பெக்டர். வெள்ளைக்காரன் நாட்டிலிருந்து நம் ராணுவத்துக்கு என்று வந்த வண்டி. 1955இலிருந்து சென்னையில் சேர்த்து, பிறகு திருவொற்றியூரிலேயே முழுசாகச் செய்தார்கள். இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடிய பிறகும் இங்கே ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் ஊரில் அது ஊர்த்தெருவில் மூன்று வீட்டு வாசலில் நின்றது. அந்த 'டப் டப்' கேட்டால் சேரியில் பீடியை மறைப்பார்கள். அதே சத்தம் சேரியிலிருந்து கிளம்ப வேண்டும் என்று எனக்கு ஆசை. அவன் மீசையை எடுத்து நாம் ஒட்டிக்கொள்வதா விடுதலை என்று ஒரு தோழர் கிண்டல் செய்தார். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அவர் பிறந்த தெருவில் யாரும் அவரை இறங்கச் சொன்னதில்லை.

பிள்ளையார் கோயிலில் நான் இறங்கவில்லை. முதல் நாள் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். "உம் புள்ள இன்னாடா தெருவுல சவாரி உட்றான்? பெரியவங்க ஒக்காந்துகினு இருக்கறது தெரியல?" அப்பா கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு சொன்னாராம்: "அது பழைய வண்டிங்க சாமி. நிறுத்திட்டா மறுபடி கெளம்பாதுங்க. அதான் எறங்க மாட்டேங்குறான்." அதற்கு அவர்களிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படி அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரெண்டு தடவை சீட்டைக் கிழித்தார்கள். ஒரு தடவை டேங்கில் மண்ணைக் கொட்டினார்கள். கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவி மறுபடியும் ஓட்டினேன்.

பிறகு ஒருநாள் அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து அழைத்து வந்தேன். அறுபது வயதில் முதல்முறையாக அந்தத் தெருவை உட்கார்ந்தபடி தாண்டினார். சேரியில் வந்து நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறேன், செருப்பு ரெண்டும் கையில். வண்டியிலிருந்து இறங்கவில்லை, செருப்பை மட்டும் கழற்றிக்கொண்டார்! 2019இல் இறந்துபோனார். அந்தப் புல்லட் எனக்கு என்ன என்பதை இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட வண்டியை ஏன் கொடுத்தாய்?

என் வேலை மாறிவிட்டது. இப்போது வாரத்தில் நாலு நாள் கிராமங்களுக்குப் போகிறேன். அடிபட்டவர்களைப் பார்த்து, புகார் எழுதி, ஸ்டேஷனுக்கும் டி.எஸ்.பி. ஆபீசுக்கும் கூட்டிக்கொண்டு அலைவது. வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். புடவை கட்டிக்கொண்டு அந்த உயரத்தில் ஏறி, பிடிக்க இடமில்லாமல் உட்கார்ந்து வருவார்கள். என் அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். அவரை ஏற்ற ஒரு கல்லு தேட வேண்டும். மழை வந்தால் மனுவையும் மருத்துவச் சீட்டையும் சட்டைக்குள் திணித்துக்கொள்வேன். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பிறகு, முப்பது கிலோமீட்டர்கூடக் கொடுக்காத வண்டிக்குத் தீனி போட முடியவில்லை.

சத்தம் இன்னொரு தொல்லை. எந்தச் சத்தத்துக்காக வாங்கினேனோ அது என்னைக் காட்டிக்கொடுத்தது. வேறு சாதியில் கல்யாணம் செய்த ஒரு பையனின் குடும்பத்தை மிரட்டிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி அவர்களைப் பார்க்கப் போக வேண்டும். நான் வருவது ஒரு கிலோமீட்டருக்கு முன்னாலேயே ஊருக்கே தெரிந்துவிடும். ஊர் எல்லையிலேயே எஞ்சினை அணைத்து, இருட்டில், அரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனேன். வியர்த்து ஊற்றியது. தள்ளும்போது அப்பா நினைப்பு வந்தது. அவர் தள்ளியது வேறு, நான் தள்ளியது வேறு. ஆனாலும் கைகள் ஒரே மாதிரிதான் வலித்திருக்கும்.

என் தங்கச்சி கதையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த நர்ஸ். பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி, சாயங்கால டூட்டி முடிந்தால் பஸ்ஸே இல்லை. நான் இருந்தால் கூட்டி வருவேன். இல்லாத நாளில் ஷேர் ஆட்டோவில் மெயின் ரோட்டில் இறங்கி, அந்த ஊர்த்தெருவில் தனியாக நடந்து வருவாள். பத்து வருஷம் நான் புல்லட்டில் கம்பீரமாகத் தாண்டிய தெரு அவளுக்கு நடந்து கடக்கிற தெருவாகவே இருந்தது. எங்கள் சேரியில் பதினாலு பைக் நிற்கிறது. பதினாலும் ஆண்களுடையது.

ஸ்கூட்டர் என்று முடிவானதும் நான் சாதுவான ஒன்றைக் காட்டினேன். "கெழவன் வண்டி வேணாம். போனா சர்ருனு போவணும்" என்றாள். டி.வி.எஸ். என்டார்க் 125ஐத் தேர்ந்தெடுத்தது அவள்தான். 2018இல் வந்த மாடல். 125 சி.சி.க்குக் கொஞ்சம் குறைவு, எடை புல்லட்டைவிட நாற்பது கிலோவுக்கு மேல் கம்மி. 95 கிலோமீட்டர் வேகம் போகும் என்று கம்பெனி சொன்னது. நான் சோதித்துப் பார்க்கவில்லை, அவள் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. பட்டனைத் தொட்டால் கிளம்புகிறது, முள்ளும் வேண்டாம் லீவரும் வேண்டாம். சீட்டுக்கு அடியில் ஃபைல் கட்டு நனையாமல் இருக்கிறது, மேலே அரைக் கிலோ கத்திரிக்காயும் வைக்கலாம். ஆர்.சி. அவள் பெயரில். பகலில் டூட்டிக்கு அவள், மீதி நேரம் நான்.

ஷோரூமில் புல்லட்டை எக்ஸ்சேஞ்சுக்குக் கேட்ட விலை இரும்புக் கடை விலை. சென்னையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பி வந்து, வலது பக்க கியரைப் பார்த்ததும் குழந்தை மாதிரி குதித்தார். எண்பதாயிரம் கொடுத்தார். நான் வாங்கியதுபோல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. லடாக் வரைக்கும் ஓட்டப்போகிறாராம். "ஊர்ல இதுல போனா செம கெத்தா இருந்திருக்குமே சார்?" என்று கேட்டார். இருந்தது என்றேன்.

பசங்களின் கோபத்துக்கு வருகிறேன். அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். "கைய வெட்றானுங்க, இந்த நேரத்துல நீ புல்லட்ட விக்கிற. நம்ம ஊர்க்காரனுங்க இன்னா பேசுவானுங்க?" என்றான் ஒருத்தன். அவனுக்கு இருபது வயசு. நான் வண்டி வாங்கியபோது டேங்கைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்ற பொடியன்.

அவர்களுக்கு நான் சாலிஸ்கான் கதையைச் சொன்னேன். 1929. தீண்டப்படாதோரின் குறைகளை விசாரிக்கிற குழுவில் ஒருவராக அம்பேத்கர் சுற்றுப்பயணம் போயிருந்த நேரம். ஸ்டேஷனில் இறங்கியவரை நடத்திக் கூட்டிப்போவது அவருக்குக் கவுரவம் இல்லை என்று அங்குள்ள மகார் மக்கள் நினைத்தார்கள். டாங்காக்காரன் ஒருத்தனும் ஓட்ட வரவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத தங்கள் ஆள் ஒருவரையே ஓட்டச் சொன்னார்கள். பாலத்தில் சக்கரம் மாட்டிக்கொண்டது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழ, அம்பேத்கர் கல்தளத்தில் வீசப்பட்டுக் கால் எலும்பு முறிந்தது. அவரே எழுதியிருக்கிறார். அந்த மக்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வருகிறது. கவுரவம் வேண்டும்தான். அதற்கு எதில் ஏறுவது, யார் ஓட்டுவது என்பதை எதிராளி முகத்தைப் பார்த்துக்கொண்டே முடிவுசெய்ய வேண்டுமா? நான் இன்ன வண்டிதான் ஓட்ட வேண்டும் என்று ஊர்த்தெரு அன்று சொன்னது. இன்று நீயும் அதைத்தான் சொல்கிறாய் என்றேன். பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இருபது வயசுக்காரன் புல்லட் வாங்கக் காசு சேர்க்கிறான். சேர்க்கட்டும், பழகிக்கொடுக்க நான் இருக்கிறேன்.

தங்கச்சி முதல் நாள் அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு ஊர்த்தெருவில் வந்தாள். அம்மா மடியில் ரேஷன் அரிசி. திண்ணையில் இருந்த ஒரு பெரிசு, "பொட்டச்சிங்களும் கெளம்பிட்டாளுங்களா" என்று காறித் துப்பியது. தங்கச்சி ஹாரனை அழுத்திக்கொண்டே வந்திருக்கிறாள். "அவன் கெடக்கறான், இவ ஓட்டுற ஓட்டுல என் இடுப்பு போச்சு" என்பது அம்மாவின் புகார். செருப்பு காலில்தான் இருந்ததா என்று கேட்டேன். "ஏண்டா, அது எங்க போவும்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற களத்தில் சேரிப் பெண்களுக்கு அவள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். ரெண்டு பேர் எல்.எல்.ஆர். போட்டுவிட்டார்கள். சத்துணவு ஆயா ஒருத்தர் வேலியில் விட்டு இடது பக்கக் கண்ணாடி உடைந்து தொங்குகிறது. மாற்றலாமே என்றால், இன்னும் நாலு பேர் பழக வேண்டியிருக்கிறது, எல்லாரும் விழுந்து முடித்ததும் ஒரேயடியாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறாள்.